ஐஸ் என்றால் ஐஸ்தான்

ஐஸை ஐஸ் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? என் புருஷனிடம் இந்தக் கேள்வியை இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் மெயின் ரோட்டோரம் எங்கள் பலசரக்குக் கடை. சோடா குடிக்க வருகிறவர் யாராவது "பனிக்கட்டி போட்டுத் தாங்க" என்று கேட்டதுண்டா? ஐஸ் என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் எனக்குத் தெரியாமல் பொலிசுக்கு டெலிபோன் பண்ணுவார் என்று நான் என்ன கனவா கண்டேன்?

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல ஏலாது. நாடு அப்படிக் கிடக்கிறது. ஐஸ் என்ற பேரில் அந்தப் போதைத்தூள் வந்ததிலிருந்து, பேப்பரைத் திறந்தால் ஐஸோடு பிடிபட்டவர்களின் படம்தான். என் வீட்டுக்காரர் தனபாலனுக்கோ பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்காவிட்டால் பிளேன்டீ தொண்டையில் இறங்காது. வாசித்தால் மட்டும் போதாது, வாசித்ததற்கெல்லாம் பயப்படவும் வேண்டும். டெங்கு என்று வாசித்தால் பூச்சாடிகளைக் கவிழ்த்து வைப்பார். மண்சரிவு என்று வாசித்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டை மிதித்துப் பார்க்கப் போவார். நல்ல மனுஷன், பயந்த மனுஷன்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டோடு ஒட்டினாற்போல ஒரு அனெக்ஸ். அதில் வாடகைக்கு இருந்தவள்தான் லோஜினி. பருத்தித்துறைப் பிள்ளை. கெம்பஸில் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள்.

"கண்டியில உக்காந்துகிட்டு கடல் ஆராய்ச்சியா?" என்று முதல் நாளே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"கடல் எங்க இருந்தாலும் அதின்ர கணக்கு ஒண்டுதானே அக்கா" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

கெம்பஸில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். லோஜினி மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, த்ரீவீலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அவளுக்கு அவசரம். தென்துருவத்துக்குப் போகிற ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்கு முன்பும் இரண்டு தடவை கேட்டுக் கிடைக்காமல் போனது. இந்தத் தடவையும் விட்டால் அப்புறம் வயதெல்லை தாண்டிவிடுமாம். கப்பல் ஏறுவதற்குள் தொட்டியில் செய்து பார்க்க வேண்டியதைச் செய்து முடிக்க வேண்டும், விசாவுக்கு, அவள்மேல் ஒரு முறைப்பாடும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போர்ட்டும் எடுக்க வேண்டும். இந்தப் பொலிஸ் ரிப்போர்ட்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படி எதைத்தான் ஆராயப் போற?" என்று கேட்டேன்.

"ஐஸ் தட்டு அக்கா."

"ஐஸ் தட்டா? நம்ம ஃப்ரிட்ஜிலேயே ரெண்டு இருக்கே, எடுத்துக்க புள்ள."

சிரித்தாள் பாருங்கள், நிற்க முடியாமல் குசினிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். தென்துருவத்தில் நிலத்தின்மேல் கிடக்கிற ஐஸ் மெதுவாக வழுக்கி வந்து கடல்மேல் மிதக்குமாம். ஒரு பக்கம் நிலத்தோடு ஒட்டியபடி, மற்றப் பக்கம் கடலுக்குள் தட்டுப்போல நீட்டிக்கொண்டு. இந்தக் கண்டி மாவட்டம் முழுவதையும் தூக்கி வைத்தாலும் மிச்சம் கிடக்கிற பெரிய தட்டுகள் உண்டாம். அவற்றுக்கு அடியில் வெளிச்சமே படாமல் கடல் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

"மேல நிண்டு பாத்தா ஒண்டும் விளங்காது அக்கா. வெள்ளையாத்தான் கிடக்கும். எல்லாம் கீழாலதான் நடக்குது."

அவளுக்கு ஒரே கட்டியாக நீள ஐஸ் வேண்டும். ஃப்ரிட்ஜ் தட்டில் சின்னச் சின்னக் கட்டிதானே வரும். அதனால் நான் பட்டர் கேக் செய்கிற நீளத் தட்டைக் கொடுத்தேன். கண்டி டவுனில் கடைக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கிய தட்டு அது. ஊரில் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. "நியூ இயருக்கு முன்னுக்குத் திருப்பித் தந்துறணும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. மேசைமேல் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதில், எங்கள் கடையில் வாங்கிய கேக் கலர் போட்டு உறைய வைத்த நீல ஐஸ் கட்டியைச் சரிவாக நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடித்தாள். ஐஸ் கரைந்தால் தண்ணீர் கீழேதானே வடியும்? இது வடியவில்லை. கட்டியின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு மெல்லிய நீலமாக மேல்நோக்கி ஏறிப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஐஸ் கரைஞ்ச தண்ணியில உப்பில்லை. கடல் தண்ணியை விடப் பாரம் குறைவு. அதான் மேல ஏறுது" என்றாள்.

இதையெல்லாம் நான் ஏன் தனபாலனிடம் விவரமாகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னேனே! அன்று அவர் கடையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கேக் தட்டு எங்கே என்று கேட்டார். "லோஜினி ஐஸ் செய்ய வாங்கிட்டுப் போயிருக்கு, சூப்பரா செய்யுது, போய்ப் பாருங்க" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பேப்பரின் முன்பக்கத்தில் என்ன படம் இருந்தது என்று நானா எட்டிப் பார்த்தேன்?

அதற்குப் பிறகு மனுஷன் அனெக்ஸைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார். பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றிருக்கிறார். கறுப்புத் துணியின் இடுக்கு வழியே பார்த்தால் மேசைமேல் மின்தராசு. அதன் பக்கத்தில் வெள்ளைத் தூள் நிரப்பிய சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள் வரிசையாக. ஒவ்வொரு தடவையும் தொட்டித் தண்ணீரில் ஒரே அளவு உப்புப் போட வேண்டும் என்று லோஜினி முன்கூட்டியே நிறுத்து வைத்த பைகள் அவை. அதோடு அவள் டெலிபோனில் கதைத்ததையும் கேட்டிருக்கிறார்: "மேல பாக்கிற ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது. ஐஸ் முழுக்கக் கீழாலதான் போகுது. ஓம், கப்பலில ஏறிட்டன் எண்டாப் பயமில்லை." பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வருகிறான், கதவடியில் நின்று ஏதோ பார்சல் கைமாறுகிறது, உடனே போய்விடுகிறான். இவ்வளவும் சேர்ந்தால் என் புருஷனுக்கு வேறு என்ன வேண்டும்?

சனிக்கிழமை காலையில் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் இறங்கினார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் விளங்கும். அவரோடு கான்ஸ்டபிள் தாஸிம். அந்தத் தம்பி எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர்தான்.

"அக்கா, தகவல் ஒண்டு வந்தீக்கு. அனெக்ஸைப் பாக்கணும். கோபிக்க வாணாம்" என்றார் தாஸிம்.

ரோட்டில் போனவர்களெல்லாம் கேட்டடியில் கூடிவிட்டார்கள். லோஜினி கதவைத் திறந்தாள். சப் இன்ஸ்பெக்டர் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உப்பு சேர்" என்றாள் லோஜினி. அவள் குரல் நடுங்கியது.

அவர் சிங்களத்தில் என்னவோ சொன்னார். "பிடிபடுற எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்களாம்" என்றார் தாஸிம், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "தம்பி, அந்தத் தொட்டியைப் பாக்கச் சொல்லுங்க உங்க ஐயாவ. பாத்துட்டுப் பேசச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

பார்த்தார்கள். லோஜினி கதவைச் சாத்தி டோர்ச்சைப் போட்டாள். நீலம் ஐஸின் அடியைத் தடவிக்கொண்டு மேலே போனது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கதிரைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார்.

"யா அல்லாஹ், மேலல்லவா போகுது!" என்றார் தாஸிம்.

லோஜினிக்குக் குரல் நேரானது. அவளுடைய விஷயத்தைப் பேசத் தொடங்கினால் அவளுக்குப் பயம் போய்விடும். "கடல் தண்ணி அந்தத் தட்டுக்குக் கீழ உள்ளுக்குப் போய், ஆழத்தில இருக்கிற ஐஸைக் கரைக்கும். ஆழத்தில தண்ணியின்ர அமுக்கம் கூடுதல், அதால அங்க ஐஸ் சுலபமாக் கரையும். கரைஞ்ச தண்ணி சரிவைப் பிடிச்சு மேல வரும். மேல வர வர அமுக்கம் குறையும். அப்ப என்ன நடக்கும் எண்டால், அதே தண்ணி திரும்ப உறையத் தொடங்கும். சின்னச் சின்ன ஐஸ் துகளா மிதந்து போய், மேல இருக்கிற தட்டோட ஒட்டிக்கொள்ளும். வெடிப்பிருந்தா அந்த வெடிப்பையும் அடைக்கும்."

"அதையும் இங்க காட்டுவீங்களா?" என்று சப் இன்ஸ்பெக்டர் தமிழிலேயே கேட்டார்.

"ஏலாது சேர். அதுக்குக் கடலின்ர ஆழம் வேணும். அதைப் பாக்கத்தான் கப்பலில போறன். அந்தத் தட்டுகள்தான் பின்னால நிலத்தில இருக்கிற ஐஸைத் தடுத்துப் பிடிச்சுக்கொண்டிருக்கு. தட்டு உடைஞ்சால் அந்த ஐஸ் கடலுக்க இறங்கும், கடல் உயரும். எங்கட வீடு பருத்தித்துறையில கடற்கரையோட இருக்கு சேர். கரையிறதை எல்லாரும் பாக்கினம். திரும்ப உறையிறது எவ்வளவு எண்டும் ஆராவது போய்ப் பாக்கத்தானே வேணும்?"

தாஸிம் போய்க் கதவைத் திறந்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். முகத்தில் சந்தேகம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. சிங்களத்தில் நீளமாகச் சொன்னார், தாஸிம் தமிழாக்கினார். அவருக்கு நம்பிக்கைதான். ஆனால் தகவல் சொன்னவர், இங்கே ஐஸ் விற்கிறார்கள், ஆள் வந்து வாங்கிப் போவதைக் கண்ணால் கண்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்ன பிறகு சும்மா விட முடியாது. உப்பைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை முறைப்பாடு திறந்துதான் கிடக்கும்.

"முடிவு வர எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"மாசக்கணக்காகும் அக்கா. அதுவரைக்கும் பொலிஸ் ரிப்போர்ட் குடுக்க ஏலாது."

"கப்பல் போயிடும் சேர்" என்றாள் லோஜினி. அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

தகவல் சொன்னவரே வந்து, நான் கண்டது பிழை என்று எழுதிக் கொடுத்தால் இங்கேயே முடித்துவிடலாம், ஆனால் அவர் பேர் சொல்லவில்லை என்றார் தாஸிம். சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து, "வீட்டுக்கார அம்மாட கேக் தட்டுலதான் ஐஸ் செய்றாங்களாம்னு மட்டும் எழுதீக்கு" என்றார்.

என் கேக் தட்டு அனெக்ஸில் இருப்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், ஒன்று லோஜினி. நான் மெதுவாகத் திரும்பினேன். தனபாலன் கதவடியில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காண்பதுபோல எங்கள் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும். அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். பேர் சொல்லாத ஆளைப் பொலிஸ் எங்கே தேடப் போகிறது? கேட்டடியில் ஊரே நிற்கிறது. தன் வீட்டில் குடியிருக்கிற பிள்ளையைத் தானே காட்டிக்கொடுத்தவன் என்ற பேரோடு நாளைக்குக் கடை திறக்க வேண்டும். பூச்சாடிக்கே பயப்படுகிற மனுஷன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அனெக்ஸுக்குள் வந்தார்.

"நான்தான் சேர் டெலிபோன் பண்ணினேன்."

கேட்டடியில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"வித்ததைக் கண்டீங்களா?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர்.

"இல்லைங்க. ஒரு ஆள் பைக்ல வந்து பார்சல் வாங்கிட்டுப் போறான்னு நெனச்சேன். இப்ப யோசிச்சாத்தான் தெரியுது, அவன் சாப்பாட்டுப் பார்சல் குடுக்க வந்தவன். கொத்து ரொட்டி வாசனைகூட வந்துச்சு. எனக்குத்தான் பயத்துல மூக்கும் அடைச்சுப்போச்சு."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதைக் குடுங்க சேர்" என்று கையை நீட்டினார். சப் இன்ஸ்பெக்டர் யோசித்தார், பிறகு பையைக் கொடுத்தார். தனபாலன் அதைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினார். அப்போதும் அவருக்குப் பயம் போகவில்லை என்று எனக்குத் தெரியும், இருபது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? லோஜினியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் வாயில் போட்டார்.

முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது, இருமினார். "உப்பு" என்றார். இன்னும் ஒரு தடவை இருமிவிட்டு, "நம்ம கடை உப்ப விட நல்ல உப்பு" என்றார்.

இந்தத் தடவை முதலில் சிரித்தது சப் இன்ஸ்பெக்டர்தான். கேட்டடியில் நின்றவர்களும் சிரித்தார்கள். தாஸிம் மேசையில் இடம் ஒதுக்கி வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். நான் குசினிக்கு ஓடிப் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு பெருமை, இரண்டும் ஒரே நேரத்தில். என்ன செய்வதென்று தெரியாமல் செம்பைக் கொஞ்சம் பலமாகத்தான் கொடுத்தேன், பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

ஜீப் போன பிறகு லோஜினி கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு இடம் பார்த்துப் போய்விடுவாளோ என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. பொழுது சாயும் நேரம் கடைக்கு வந்தாள்.

"அண்ணை, பயமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கத் தெரியல புள்ள" என்றார் அவர். "எனக்குப் பயம் வந்தா வாய் அடைச்சிரும். கை மட்டும் போனை எடுத்துரும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிப் பயம் வந்தால் என்ர கதவைத் தட்டுங்கோ" என்றாள்.

மறுநாள் காலை பேப்பர் வாசிக்குமுன் போய்த் தட்டினார். "பயமில்ல புள்ள. அந்தத் தண்ணி ஏன் மேல போகுதுன்னு இன்னொருக்கா சொல்லு" என்றாராம். அதற்குப் பிறகு ஐஸ் கட்டி உறைய வைப்பது அவர் வேலையாகிவிட்டது. பொலிஸ் ரிப்போர்ட் என்னவாயிற்று என்று தினமும் ஸ்டேஷனுக்குப் போனார். "அண்ணே, நீங்க வராட்டியும் அது வரும்" என்று தாஸிமே கும்பிட்டுச் சொன்னாராம். வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் த்ரீவீலில் வந்து இறங்கியதைப் பார்க்க வேண்டுமே, அவரே கப்பல் ஏறப் போகிறவர்போல.

லோஜினி புறப்படுகிற அன்று கேக் தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் வாங்கவில்லை. அவள் பையைத் திறந்து, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் நானே வைத்தேன். அந்த நியூ இயருக்கு எங்கள் வீட்டில் பட்டர் கேக் இல்லை.

தைப்பொங்கல் முடிந்த கிழமை வீடியோ ஒன்று வந்தது. கடையில் தாஸிம் சீருடையோடு சோடா குடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தோம். ஐஸில் துளை போட்டு, அடியில் இருக்கிற கடலுக்குள் கேமராவை இறக்கியிருக்கிறார்கள். ஒரே இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள், கீழேயிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. லோஜினியின் குரல் கேட்டது. "அண்ணை, அக்கா, பாருங்கோ. திரும்ப உறையுது. எல்லா இடத்திலயும் இப்பிடி இல்லை, ஆனா இஞ்ச உறையுது." அடுத்து ஒரு படம். என் கேக் தட்டுக்குள், அந்த ஐஸ் தட்டின் அடியிலிருந்து வெட்டியெடுத்த ஐஸ் கட்டி.

"மழை தலைகீழாப் பெய்யுதுல்ல?" என்றார் தனபாலன். வீடியோவை முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டார்.

அந்த நேரம் பார்த்து, ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு ஒருவர் பிஸ்கட் வாங்க வந்தார். புது முகம். தனபாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க சார், எங்க புள்ள செய்த வேலை! சுத்தமான ஐஸ்!" என்றார். வந்தவர் இவரைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தார், பிஸ்கட்டை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க சார்" என்றார் என் புருஷன், உலகத்துக்கே தைரியம் சொல்கிறவர்போல. "ஐஸ்னா ஐஸ்தான். அந்தப் புள்ளையோட உப்பைத் தின்னவன் நான், பொய் சொல்ல மாட்டேன்."